மனை வாங்கும் முன் 1892-க்கு ஒரு நடை போய் வரலாமா?

திருவள்ளூர் மார்க்கத்து மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு நெமிலிச்சேரி தெரியும். பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே வரும் சின்ன ஸ்டேஷன். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை 2014-ல் திறந்தது. பிறகு அது மீஞ்சூர் வரை நீண்டது. சாலை வந்தால் மனை விலை ஏறும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டாம். 'ஸ்டேஷனுக்கு 5 நிமிடம்', 'உடனே வீடு கட்டலாம்', 'பேங்க் லோன் வசதி உண்டு' என்று வழியெல்லாம் போர்டுகள்.

அந்த போர்டில் எவ்வளவோ எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் எழுத மாட்டார்கள்: இந்த நிலம் இதற்கு முன்பு யாருடையது, அவர் கையை விட்டு எப்படிப் போனது?

'அதெல்லாம் தாத்தா காலத்துக் கதை, இப்போது எதற்கு?' என்று கேட்கலாம். இந்த வாரம் நாம் பேசப் போவதும் அதே கேள்வியைத்தான். முன்னோருக்கு நடந்த அநீதியைக் காட்டி இன்று நிலம் கேட்பது நியாயமா? பேச ஆரம்பித்தால் உலகம் முழுக்க உதாரணம் கிடைக்கும். ஆனால் மிகச் சரியான உதாரணம் நம் காலடியிலேயே இருக்கிறது. அதன் பெயர் பஞ்சமி நிலம்.

அது என்ன பஞ்சமி நிலம்?

2019-ல் வந்த 'அசுரன்' படம் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் ஞாபகம் இருக்கும். படம் வந்த கையோடு, யார் இருக்கும் இடம் பஞ்சமி நிலம் என்று அரசியல் கட்சிகள் மாறி மாறிக் கேட்டுக்கொண்டன. சண்டை ஓய்ந்தது, சொல்லும் மறந்துபோனது. கதையின் ஆரம்பமோ நம் பக்கத்திலேயே இருக்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அன்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தன. கலெக்டர் உட்கார்ந்த இடம் சைதாப்பேட்டை. 1891-ல் அங்கே பொறுப்பிலிருந்தவர் ஜேம்ஸ் ஹென்றி ட்ரெமென்ஹீர். தன் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை பற்றி அவர் மேலிடத்துக்கு ஒரு நீண்ட அறிக்கை அனுப்பினார்.

அவர் கண்டது என்ன? வயலில் இறங்கி உழைத்தவர்களுக்குச் சொந்தமாக வயல் இல்லை. பலர் கடனுக்குக் கட்டுப்பட்ட படியாட்கள். குடிசை போட்ட இடம்கூட மிராசுதாருடையது என்பதால், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் அன்று இரவே வீடு இருக்காது. சரி, ஊரில் தரிசு கிடக்கிறதே, அதைக் கேட்டு வாங்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. தரிசுக்கு மனுப் போட்டாலும் முதல் உரிமை மிராசுதாருக்கு. அவர் ஆட்சேபணை சொன்னால் மனு அவ்வளவுதான்.

இந்த நிலைமையைப் பற்றிப் பேசியவர் ட்ரெமென்ஹீர் மட்டுமல்ல. செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் பக்கம் வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் விடாமல் எழுதினார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். அயோத்திதாசரும் அதே காலத்தில்தான் தம் மக்களின் கோரிக்கைகளோடு களத்தில் நின்றார். ஏதோ ஒரு வெள்ளைக்கார துரை மனமிரங்கிக் கொடுத்தார் என்று சொல்லிவிட்டால், கேட்டுப் போராடியவர்களை மறந்தவர்களாவோம்.

1892 செப்டம்பர் 30-ம் தேதி அரசாணை வந்தது. தரிசு நிலங்கள் 'டிப்ரஸ்டு கிளாஸ்' என்று அன்று குறிக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. அதனால் ஆவணங்களில் 'டி.சி. நிலம்' என்று பெயர். நான்கு வர்ணத்துக்கு வெளியே வைக்கப்பட்டவர்களைப் 'பஞ்சமர்' என்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் பஞ்சமி நிலம். ஒதுக்கீடு பிற்பாடும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. சென்னை மாகாணத்தில் மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

ஒரு நிபந்தனை, பல கோடி ரூபாய்

இந்த நிலத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகு விற்கலாம், ஆனால் அதே ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்குத்தான் விற்க வேண்டும். மீறினால் அந்த விற்பனை செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் இப்படி ஒரு பூட்டு? கையில் காசில்லாதவன் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், மகளுக்குக் கல்யாணம் வந்தால், மழை பொய்த்தால் முதலில் போவது நிலம்தான். வாங்கக் காத்திருப்பவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நேற்றுவரை அவனைப் படியாளாக வைத்திருந்தவர்தான். பூட்டு போட்டவர்களுக்கு இது புரிந்திருந்தது.

பூட்டு இருந்தும் நிலம் எப்படிப் போனது? கடனுக்குக் கைநாட்டு வாங்கியது ஒரு வழி. ஊர்க் கட்டுப்பாடும் மிரட்டலும் இன்னொரு வழி. 'குத்தகைக்கு' என்று நுழைந்து அனுபோகத்தில் உட்கார்ந்துகொண்டது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலே ஆபீஸ் கதவுகள் திறந்தே இருந்தன. நிபந்தனை தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் கிடந்தது. விற்பனையோ சார்பதிவாளர் ஆபீஸில் பதிவானது. ஒரு மேசையில் இருந்த தடை இன்னொரு மேசைக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை. 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நில ஆவண மேம்பாட்டுப் பணியில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டபோது, பழைய பதிவேட்டின் குறிப்பு பல இடங்களில் புதிய ஏட்டுக்கு வந்து சேரவேயில்லை. நிலம் அங்கேயேதான் இருந்தது, பெயர்தான் மாறிவிட்டது.

இதைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? செங்கல்பட்டு பக்கம் காரணை என்ற ஊர் இருக்கிறது. அங்கே பஞ்சமி நிலத்தை மீட்க தலித் மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் இறந்தார்கள். அரசு எழுதிக் கொடுத்த நிலத்தை அரசிடமே கேட்கப் போய் உயிரை விட்டவர்கள் அவர்கள். 2011-ல் பஞ்சமி நிலங்களைக் கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின. அறிவிப்புக்கும் நிலத்துக்கும் நடுவில் உள்ள தூரம் மட்டும் குறையவில்லை.

"நான் என்னப்பா தப்பு பண்ணேன்?"

இந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்விதான். 25 வருட சம்பளம், மனைவியின் நகை, பி.எஃப். பணம், இன்னும் முடியாத லோன், இவ்வளவும் போட்டு 600 சதுர அடியில் ஒரு வீடு கட்டியவரிடம் போய், '1892-ல் ஒரு உத்தரவு இருக்கிறது, காலி பண்ணுங்க' என்றால் அவர் கொதிக்கத்தான் செய்வார். அவரும் பெரும்பாலும் நிலமில்லாத குடும்பத்திலிருந்து வந்தவராகத்தான் இருப்பார்.

ஆக, எதிர்வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'எவ்வளவு பழசைத்தான் தோண்டுவது? சோழர் காலம் வரை போகலாமா?' போகவே வேண்டாம். பஞ்சமி நிலம் கேட்பவர்கள், மிராசு முறையில் தங்கள் முன்னோர் இழந்ததை எல்லாம் எண்ணி வை என்று கேட்கவில்லை. அரசு கையெழுத்திட்டுக் கொடுத்ததைத்தான் கேட்கிறார்கள். தேதி உண்டு, பதிவேடு உண்டு, சர்வே எண் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். உத்தரவுதான் 1892. மீறல் பழசல்ல. நிபந்தனையை மீறி ஒரு பத்திரம் 1985-ல் பதிவானால் அநீதி நடந்த வருடம் 1985. 2005-ல் பதிவானால் 2005. அதைச் செய்தவர்களும் செய்ய விட்டவர்களும் நம் காலத்து மனிதர்கள்.

'விற்றவர் காசு வாங்கிக்கொண்டாரே?' வாங்கியிருக்கலாம். ஆனால் விற்கும் அதிகாரம் அவரிடம் இல்லை என்பது பத்திரம் எழுதியவர்களுக்குத் தெரியாத ரகசியமல்ல. வில்லங்கம் இருக்கும் நிலம் சந்தை விலைக்குப் போகாது. குறைந்த விலைக்கு வாங்கிய லாபம் ஒருவருக்கு, சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கே என்பது எந்தக் கணக்கில் சேரும்?

'என் சொத்தை யாருக்கு விற்பது என்று அரசு சொல்லலாமா?' இது சட்டக் கேள்வி. சாதாரணச் சொத்தில் இப்படித் தடை போட முடியாதுதான். ஆனால் அரசு நிபந்தனையோடு ஒப்படைக்கும் நிலத்தில் அந்த நிபந்தனையே செல்லும் என்று 1895-ம் ஆண்டின் அரசு மானியச் சட்டம், அது நடைமுறையில் இருந்த காலத்தில், சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் 2008-ல் தந்த ஒரு தீர்ப்பில் டி.சி. நிலங்களுக்கான நிபந்தனை செல்லும் என்றே சொன்னது.

கடைசியாக ஒரு கஷ்டமான கேள்வி. மீட்ட நிலம் யாருக்கு? விற்ற குடும்பத்தின் பேரனுக்கா, அதே ஊரில் ஒரு சென்ட்கூட இல்லாத இன்னொரு தலித் குடும்பத்துக்கா? நிலம் ஒருவர் பெயரில் கொடுக்கப்பட்டாலும் ஒரு சமூகத்தின் கையை விட்டுப் போகக் கூடாது என்றுதான் நிபந்தனை போட்டார்கள். மிரட்டிப் பிடுங்கப்பட்டது என்றால் வாரிசுக்கு, தானாக விற்றது என்றால் அந்த ஊரின் நிலமற்ற ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

பக்கத்து கர்நாடகத்தைப் பாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு அரசு கொடுத்த நிலத்தை நிபந்தனை மீறி வாங்கினால் செல்லாது, மீட்டு உரியவருக்கோ வாரிசுக்கோ தர வேண்டும் என்று 1978-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். 1984-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. 2017-ல் இன்னொரு வழக்கில், 25 வருடம் கழித்து வந்து கேட்டால் எப்படி, நியாயமான காலத்துக்குள் கேட்க வேண்டாமா என்றது. அதன் பிறகு கர்நாடக அரசு 2023-ல் சட்டத்தைத் திருத்தி, கேட்பதற்குக் காலவரம்பு கிடையாது என்று எழுதிவிட்டது. இங்கே நமக்கு அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. பழைய அரசாணையையும் வருவாய் நிலையாணையையும் வைத்துத்தான் ஒவ்வொருவரும் தனித்தனியாக அலைகிறார்கள்.

'வரலாற்று அநீதி' என்பது ஏதோ போராட்டக்காரர்களின் சொல் என்று நினைக்காதீர்கள். நம் நாடாளுமன்றம் 2006-ல் இயற்றிய வன உரிமைச் சட்டத்தின் முகவுரையிலேயே அது இருக்கிறது. காட்டில் வாழ்ந்த மக்களுக்கு வெள்ளையர் காலத்திலும் சுதந்திர இந்தியாவிலும் நடந்தது வரலாற்று அநீதி என்று அரசே ஒப்புக்கொண்டு கொண்டுவந்த சட்டம் அது. காட்டுக்கு ஒப்புக்கொண்டதை வயலுக்கு ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

நியூசிலாந்தில் வைகாட்டோ பகுதி மாவோரி மக்களிடமிருந்து 1860-களில் பறிக்கப்பட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர். நம் பஞ்சமிக் கணக்கும் அதே எண்தான் என்பது தற்செயல். 1995-ல் அங்கே ஒப்பந்தம் ஆனது. அரசு 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பில் நிலமும் பணமும் கொடுத்தது. எலிசபெத் ராணியே நேரில் வந்து மன்னிப்பு அடங்கிய அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இதில் ஒரு விஷயம் நமக்குப் பாடம். தனியார் வீடுகளை யாரும் தொடவில்லை. அரசு தன் கையிலிருந்த நிலத்தையும் பணத்தையும் எடுத்துக் கொடுத்தது.

தென்னாப்பிரிக்காவில் 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனவெறிச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் கேட்கலாம் என்று 1994-ல் சட்டம் வந்தது. 1998 முடிவதற்குள் சுமார் 80 ஆயிரம் மனுக்கள் குவிந்தன. நகரங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பழைய மனையைக் கேட்காமல் பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். எல்லோருக்கும் அதே துண்டு மண் தேவைப்படவில்லை. தங்களுக்கு நடந்தது தப்பு என்று ஒப்புக்கொண்டு ஈடு செய்தால் போதும் என்றும் பலருக்குத் தோன்றியது.

அப்படியென்றால் இங்கே?

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். கோரிக்கை நியாயம். ஆனால் தீர்வு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க முடியாது.

காலியாகக் கிடக்கும் நிலம், வேலி போட்டு விலை ஏறக் காத்திருக்கும் நிலம், பெரிய பண்ணை, ரிசார்ட் என்று இருக்கும் நிலம் திரும்பத்தான் வேண்டும். இதில் அழ வேண்டிய நடுத்தரக் குடும்பம் எதுவும் இல்லை.

குடும்பங்கள் வீடு கட்டி வாழும் இடத்தில் புல்டோசர் தீர்வல்ல. ஒரு அநீதியைத் துடைக்க இன்னொரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்த வேண்டாம். அங்கே இழப்பீட்டை அரசு கொடுக்கட்டும். தடை இருந்த நிலத்துக்குப் பத்திரம் பதிந்து முத்திரைக் கட்டணம் வாங்கிக்கொண்டது அரசுதானே? தெரிந்தே வாங்கி மனை போட்டு விற்றவர்களிடம் அரசு அதை வசூலித்துக்கொள்ளட்டும். அதே பகுதியில் மாற்று நிலமோ, வீட்டு மனையோ, இன்றைய மதிப்பில் பணமோ, எது வேண்டும் என்று நிலத்துக்கு உரியவர்கள் முடிவு செய்யட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. பழைய பதிவேடுகளில் இருக்கும் டி.சி. சர்வே எண்கள் அத்தனையையும் கிராமவாரியாக இணையத்தில் போடுங்கள். பத்திரப்பதிவு மென்பொருளில் அந்த எண்களைப் பூட்டுங்கள். போனில் சினிமா டிக்கெட் எடுக்கும் ஊரில் இது பெரிய வேலையா? பட்டியல் வெளியே வந்தால் கேட்பவருக்கும் நல்லது, ஏமாறாமல் வாங்க நினைப்பவருக்கும் நல்லது. யாருக்கு நஷ்டமோ அவர்கள்தான் பட்டியலுக்குத் தடை.

போனை கீழே வைக்கும் முன்

நெமிலிச்சேரியோ, திருநின்றவூரோ, பூந்தமல்லியோ, மனை பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கேளுங்கள். அரசின் இணைய நில ஆவண சேவையில் பட்டாவோடு அ-பதிவேடும் பார்க்கலாம்.

• வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அதில் பதிவான பரிமாற்றங்கள்தான் வரும். தாலுகா ஆபீஸ் ஒப்படைப்பு உத்தரவு அதில் தெரியாமல் போகலாம்.

• மூலப்பத்திரம் வரை போங்கள். 'நிபந்தனை ஒப்படை', 'டி.சி.', 'ஆதிதிராவிடர்' என்ற சொற்கள் எங்காவது இருந்தால் நின்று யோசியுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

• 'அப்ரூவ்டு மனை', 'பேங்க் லோன் கிடைக்கும்' என்பதெல்லாம் உரிமைக்குச் சான்று அல்ல. மனைப்பிரிவு அனுமதி வேறு, நிலத்தின் உரிமை வேறு.

• அந்த ஊர் பெரியவர்களிடம், குறிப்பாகக் காலனி பக்கம் இருப்பவர்களிடம், 'இது முன்னாடி யாரோட நிலம்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிவேட்டில் அழிந்தது பல நேரம் அவர்கள் ஞாபகத்தில் இருக்கும்.

உங்கள் குடும்பத்துக்கே இப்படி ஒரு நிலம் இருந்தது என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சர்வே எண்ணோ, பழைய கிஸ்தி ரசீதோ கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம், மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்தையும் அணுகலாம். பட்டியல் சாதியினருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் உதவி இலவசம். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிலத்தை அபகரிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்தான்.

பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஊர், கண்மாய், எல்லைக்கல், பக்கத்து நிலத்துக்காரர் பெயர் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து வையுங்கள்.